மைக் அண்ணன் கொடுத்த தானம்

என் சின்ன அண்ணனுக்கு வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். கையில் மைக் இருக்கிறதோ இல்லையோ, நாலு பேர் கூடி உட்கார்ந்துவிட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவான். குழந்தை பிறந்தாலும் பேசுவான், பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் பேசுவான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு அந்த வாய் தோதாக அமைந்துவிட்டது. சாவைப் பற்றி அவன் உருகி உருகிப் பேசுவதைக் கேட்டு, குத்துக்கல் மாதிரி இருந்தவர்கள் எல்லாம் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு வைத்த பெயர் பிரேக். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் காரில் கற்றுக்கொள்கிறவர் காலுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் காலுக்கு ஒரு பிரேக். ஆனால் பெயருக்குக் காரணம் அது இல்லையாம். "வாய்க்கு பிரேக் இல்லாதவளுக்கு பேர்லயாவது ஒண்ணு இருக்கட்டும்" என்று பெரிய அண்ணன் வைத்தது.

அந்தப் பெரிய அண்ணனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. ஜன்னலுக்கும் மேஜைக்கும் கண்ணாடி வெட்டித் தருகிற கடை அவனுடையது. ஒரே இழுப்பில் கோணாமல் கண்ணாடியைக் கீறுகிறவன், இப்போது வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் மெஷினுக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் ரத்தக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே தண்ணீர் மோட்டார் ஓடுவது போல உறுமும். தாகத்துக்கு ஒரு சின்ன டம்ளர்தான். அதை நாள் முழுக்க வைத்து வைத்துக் குடிக்க வேண்டும். வேறு சிறுநீரகம் வைத்தால்தான் பழைய ஆளாக நடமாட முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய அண்ணியின் ரத்த வகை ஒத்துவரவில்லை. பிள்ளைகள் இல்லை. மிச்சம் கூடப்பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

டாக்டர் சொன்னதைக் கேட்க அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி அழுதுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான எங்கள் சித்தப்பா, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆரம்பிப்பதற்குள் மைக் எழுந்துவிட்டான்.

"எங்க அண்ணனுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதுக்கு? நான் இருக்கேன்! ஒண்ணு போதலைன்னா ரெண்டையும் எடுத்துக்கட்டும்!"

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய அண்ணி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். சின்ன அண்ணி, அதாவது மைக்கின் மனைவி, பெருமை தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டையும் குடுத்துட்டா அப்புறம் உனக்கு யாருண்ணா குடுக்கறது?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல காரியத்தில் அபசகுனமாகத் தும்மியவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய அண்ணன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு பரிசோதனைகள் முடிகிற வரைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு வள்ளல் நடமாடினான். ஆபீசில் சொன்னான், முடிவெட்டப் போன இடத்தில் சொன்னான், பாலிசி எடுக்க வந்தவர்களிடம் சொன்னான். "நானே ஆபரேஷனுக்குப் போறவன் சார், வாழ்க்கை நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்லி இரண்டு பாலிசி கூடுதலாகப் பிடித்தான் என்று கேள்வி. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்தக் கேனைக்கூட அவன் கோப்பை வாங்கி வருகிறவன் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிப் படியேறினான்.

கடைசியாக அவனை ஒரு அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அவன் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில், தானம் கொடுக்க வருகிறவர்களிடம் பேசி விசாரிக்கும் ஆலோசகர் அம்மா வந்து பொதுவாகச் சொன்னார்:

"மருத்துவக் காரணங்களால இவர் தானம் செய்ய பொருத்தமில்லை. அவரோட விவரங்களை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லை."

அவ்வளவுதான். மைக் சுவரில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதான். "பாவி உடம்பு என்னைக் கவுத்துடுச்சே! அண்ணனுக்கு ஒதவாத உடம்பு இருந்தென்ன போயென்ன!" நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய அண்ணி தன் கவலையை மறந்து அவனுக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஆலோசகர் அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் கையில் கைக்குட்டை தயாராக இருந்தது.

ஆனால் கூத்து அதோடு முடியவில்லை. சின்ன அண்ணி படித்தவர், விவரமானவர், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர். அந்த யோசனைதான் வினையாகிவிட்டது.

"வெளிய சொல்ல முடியாதுன்னு சொல்றாங்கன்னா அது எவ்வளவு பெரிய வியாதியா இருக்கணும்!" என்றார். "பெரியவருக்கு வந்தது இவருக்கும் வந்திருக்கு. ஒரே ரத்தம்தானே?"

அன்று மாலையே மைக் வீட்டுச் சமையலறையிலிருந்து உப்பு வெளியேறியது. பெரிய அண்ணியிடம் கேட்டுக்கேட்டு அதே பத்தியம் தொடங்கியது. வாழைப்பழம் கூடாது, ஊறுகாய் கூடாது, பொரித்தது கூடாது, தண்ணீர் சின்ன டம்ளரில்தான். "இன்னொரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று சின்ன அண்ணி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். மைக் மறுத்துவிட்டான். "எனக்கு வந்தது எனக்கு. அண்ணன் பொழைச்சு வர்ற வரைக்கும் என் உடம்பைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்று கை நீட்டிச் சொன்னான். அந்தப் பேச்சுக்கும் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

ஆள்மேல் ஆள் வந்து அவனைப் பார்த்தார்கள். பழக்கூடையும் பிஸ்கட் டப்பாவுமாக வந்தார்கள். அவன் பிள்ளைகள் இரண்டும் அத்தனையையும் தின்று கொழுத்தன. பெரிய அண்ணனின் வியாதி பழசாகிவிட்டது, பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து தள்ளாடிக்கொண்டு வந்தவனை, "தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று தெருவில் நிறுத்தி விசாரித்தார்கள்.

"அவனுக்கு ஆறுதல் சொல்லியே எனக்கு இருக்கிற கொஞ்ச தெம்பும் போயிடும் போல" என்றான் என்னிடம்.

இதற்கு நடுவில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் புருஷனை விட்டு வந்தவள். வந்து வருஷங்கள் ஆகின்றன. அத்தனை வருஷமும் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் என்னைக் கலந்து பேசியதில்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைப்பார்கள், வந்தால் உட்காரலாம். இப்போது திடீரென்று எனக்கு மவுசு ஏறிவிட்டது.

சித்தப்பாதான் ஆரம்பித்து வைத்தார். நான் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னார்.

"அவளுக்கென்ன, புருஷனா, புள்ளையா? ஒண்டிக்கட்டை. ஒருத்திக்கு ஒண்ணு போதாதா?"

வீட்டில் இரண்டு மின்விசிறி இருக்கிறது, ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று கேட்கிற தொனியில் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். சின்ன அண்ணி மறுநாளே ஒரு பாட்டில் பழச்சாறு கொண்டுவந்தார். "உடம்பைப் பாத்துக்கம்மா. இனிமே உன் உடம்பு உனக்கு மட்டும் சொந்தமில்ல" என்றார். நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக்கூட இவ்வளவு பிரியமாகத் தழை போட்டிருக்க மாட்டார்கள். நான் எப்போது டிரைவிங் ஸ்கூலை மூடுவது, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, யார் வீட்டில் படுத்திருப்பது, எல்லாம் முடிவாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை யாரும் கேட்கவில்லை.

நான் கொடுக்க மாட்டேன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று ஊரே ஏன் என்று கேட்டது. பெரிய அண்ணன் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "மாடி ரூம்ல ஃபேன் ஓடாது, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றான். அதற்காக நான் உடம்பில் எதை வேண்டுமானாலும் வெட்டிக் கொடுப்பேன். ஆனால் கேட்க வேண்டும். எனக்கு இருக்கிறது இல்லாதது எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துக்கொண்ட ஒரு மனிதனிடமிருந்துதான் தப்பி வந்தேன். மறுபடியும் கேட்காமல் எடுத்துக்கொள்ள நான் என்ன கிள்ளுக்கீரையா?

பெரிய அண்ணனும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தான். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

வீம்பாகவே பரிசோதனைகளுக்குப் போனேன். என் கேனை டிக்கியில் வைத்துக்கொண்டுதான் வகுப்பு எடுத்தேன். அன்று ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். வேகத்தடை கண்ணில் படாத ஜென்மம். "மெதுவா, டாக்டர். பின்னாடி முக்கியமான சாமான் இருக்கு" என்றேன். "முட்டையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் என்னையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவும் இரண்டு அண்ணிகளும் கூடவே எழுந்து வந்தார்கள். ஆலோசகர் அம்மா வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"இவங்க மட்டும்."

"நாங்க வீட்டு மனுஷங்க" என்றார் சித்தப்பா.

"அதனாலதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சின்ன அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. அவர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. நீங்க குடுக்கலாம். ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல. குடுக்க உங்களுக்கு விருப்பமா?"

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷி கேட்கிறார், அதுவும் முன்பின் தெரியாத ஒருவர்.

"விருப்பமில்லைன்னு சொன்னா என்ன ஆகும்?" என்றேன். தெரிந்துகொள்ளத்தான்.

"ஒண்ணும் ஆகாது. நீங்க சொன்னது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. மருத்துவக் காரணங்களால பொருத்தமில்லைன்னு மட்டும் சொல்லுவோம். உங்க விவரங்களை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

அதே வார்த்தைகள், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கைக்குட்டை ஏன் முன்னாடியே வெளியே வந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல மேடம். எங்க வீட்டுல ஒருத்தன் மாசக்கணக்கா உப்பில்லாம சாப்பிட்டுட்டு இருக்கான். அதை நெனைச்சேன்."

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "உடனே சொல்லணும்னு இல்ல. யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

அவசரப்பட்டு ஒருவனைப் பழிக்கக் கூடாது, உண்மையிலேயே அவனுக்கு ஏதாவது இருக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மைக்கை அவன் ஆபீஸ் வாசலில் போய் ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு வண்டிக்காரரிடம் வறுத்த கடலை வாங்கினேன். நன்றாக உப்புப் போட்டு, கை பொறுக்காத சூட்டில், பெரிய பொட்டலமாக. அவன் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

"எனக்கு ஆகாதுன்னு தெரியாதா?" என்றான். குரல் கம்மியிருந்தது. வாசனை காருக்குள் நிறைந்துவிட்டது.

"ஆகாதுன்னா வேணாம். ஜன்னல் வழியா போட்டுடு."

அவன் போடவில்லை. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் பிடி பிடியாக. தின்று முடித்து, பொட்டலக் காகிதத்தை விரித்து, மடிப்பில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தொட்டுத் தொட்டு நக்கினான். எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பொய்யாவது ருசியாக இருந்திருக்க வேண்டும்.

"எப்படித் தெரியும்?" என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க."

காலிக் காகிதத்தை உருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தான். பயமா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். கத்திக்குப் பயப்படுவது பாவமில்லை. இல்லை என்று சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு. ஆனால் அவன் தொண்டையைச் செருமினான்.

"நான் ஒண்ணும் பயந்தவன் இல்ல. எனக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு, என்னை நம்பி புள்ளைங்க இருக்கு, சமூகத்துல ஒரு பொறுப்பு இருக்கு. ஒரு குடும்பத் தலைவன் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாதுன்னு..."

"ரெண்டையும் எடுத்துக்கன்னு சொன்னப்போ அந்தத் தலைவன் எங்க போயிருந்தான்?"

"அது அந்த நேரத்து உணர்ச்சி. சரி, அதை விடு." என் பக்கம் திரும்பினான். "நீ குடுத்துடுவல்ல? நீயும் மாட்டேன்னு சொல்லிட்டா அண்ணன் கதி என்ன ஆகும்? கொஞ்சம்கூட மனசாட்சி வேணாமா?"

பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

"இறங்கு."

"வீடு இன்னும் தூரம் இருக்கே."

"பரவாயில்ல, நடந்து போ. தின்னது செரிக்கும்."

இறங்கினான். கார் ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து மீசையில் இருந்த உப்பைத் துடைத்தான். "அவகிட்ட சொல்லிடாதே" என்று குனிந்து கெஞ்சிவிட்டுப் போனான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அன்று சாயங்காலமே கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, அவனை மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, அவன் வேஷத்தைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று கை பரபரத்தது. என் வாயைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே. ஆனால் நான் வாயைத் திறந்தால் கிழிவது அவன் மட்டுமில்லை. வண்டி தாறுமாறாகப் போகும்போது நான் என் காலடியில் இருக்கும் பிரேக்கை மெதுவாக அழுத்துவேன். ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார், மானம் தப்பும். அந்த ஆலோசகர் அம்மா காலடியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. நாளைக்கு அந்த பெஞ்சில் ஒரு மருமகள் உட்கார்ந்திருப்பாள், புருஷன் வீடே அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். "பொருத்தமில்லைன்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும்டி" என்று அவளிடம் சொல்ல என் வீட்டிலிருந்து ஒரு கதை கிளம்பிப் போகக் கூடாது. அவளுக்காக விரித்த குடையில் இந்தத் தடியன் ஒதுங்கிவிட்டான். அதற்காகக் குடையைக் கிழிக்க முடியுமா? வாழ்க்கையில் முதல் முறையாக வாய்க்கு பிரேக் போட்டேன்.

அடுத்த டயாலிசிஸ் அன்று பெரிய அண்ணனிடம் போனேன். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் அவன் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அங்க என்ன இருக்கு? இங்க பாரு" என்றேன். "ஏன்ணா நீ என்கிட்ட கேக்கவே இல்ல?"

"எதை?"

"நடிக்காதே. வீட்டுல நடிக்கறதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

அவன் சிரித்தான். மைக்கைப் பற்றி அவனுக்குத் தெரியும் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. "ஸ்கூல்ல ஊசி போட வந்தா பின்கதவு வழியா ஓடினவன் ரெண்டு கிட்னியும் தரேன்னு சொல்றான். நான் நம்புவேனா?" என்றான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் கேட்டா உன்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் கேக்கல."

"முடியும். கேளு."

"வேணாம் விடு."

"கேளுன்னு சொல்றேன்ல."

உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"உன் கிட்னியில ஒண்ணு எனக்குத் தருவியா?"

"மாட்டேன்" என்றேன்.

அவன் முகம் செத்துப்போனது. ஆனால் கண்ணைத் திருப்பவில்லை. மெதுவாகத் தலையாட்டி, "சரி" என்றான். கோபமோ மனவருத்தமோ இல்லாத சரி. மாடி ரூம் ஃபேனைச் சரி பண்ணுகிறேன் என்று சொன்ன அதே குரல்.

"பாத்தியா, சொல்ல முடியுது" என்றேன். "இப்ப மறுபடியும் கேளு."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "சனியனே" என்றான். "தருவியா?"

"தரேன்."

பக்கத்துக் கட்டில்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் அழுதேன். ஊரறிய ஓவென்று இல்லை, என் பாட்டுக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எனக்கு இடது பக்கம் ஒரு தழும்பு. அண்ணனுக்கு வைத்தது ஆபரேஷன் மேஜையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். முதல் நாள் அவன் ஒரு முழு சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்ததை அண்ணி போன் போட்டு அழுதுகொண்டே சொன்னார். நான் மறுபடி பக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்த பிறகு, அண்ணன் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு, எல்லோரையும் கூப்பிட்டு அவன் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு போட்டார்கள்.

கூட்டம் கூடியது. தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"நான் கொடுக்கணும்னு நெனைச்சேன், உடம்பு ஒத்துழைக்கல" என்றான் மைக். "ஆனா என் எண்ணம் வீண் போகல. என் தங்கச்சி மூலமா அது நிறைவேறிடுச்சு. அவ குடுத்தது கிட்னி. அதுக்குப் பின்னாடி இருந்தது இந்த அண்ணனோட மனசு!"

கை தட்டினார்கள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்துச் சிலர், கொடுத்துவைத்தவள், இப்படி ஒரு அண்ணன் யாருக்கு அமையும் என்றார்கள். ஏதோ அவன் பார்சலை நான் கொண்டுபோய்ச் சேர்த்தது போல.

சாப்பிட உட்கார்ந்தோம். மேஜை நிறைய விதவிதமாக இருந்தது. சின்ன அண்ணி கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து, மைக்குக்கு மட்டும் வெந்த காயையும் வெள்ளைச் சோற்றையும் தனியாகப் போட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். தாழ்த்தினாலும் அந்த மேஜையில் எல்லோருக்கும் கேட்டது.

"நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதே. உன்கிட்ட இனிமே இருக்கறது ஒண்ணுதான். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க யார்கிட்ட போய் நிக்கறது? இவரும் உனக்கு அண்ணன்தானே? கொஞ்சம் யோசிச்சு குடுத்திருக்கலாம் இல்ல?"

பெரிய அண்ணன் கையை அப்படியே நிறுத்திவிட்டான். மைக் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சொல்லிவிடு என்று கெஞ்சுகிறானா, சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறானா, தெரியவில்லை. எதிரில் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு நிறைய இருந்தது. அவன் கண் அங்கேயும் ஒரு தடவை போய் வந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவனே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தட்டு அவனுக்கு. நான் காத்திருந்தேன். எந்தக் கூட்டத்திலும் வாய் மூடாதவனுக்கு அப்போது வாய் திறக்கவில்லை.

"கவலைப்படாதீங்க அண்ணி" என்றேன். "அவன் நூறு வயசு இருப்பான். உப்பை மட்டும் கண்ணுல காட்டாதீங்க."

சின்ன அண்ணி பயபக்தியோடு தலையாட்டினார். எழுந்து, மைக் பக்கத்தில் இருந்த உப்பு டப்பாவை எடுத்து மேஜையின் அந்தக் கோடியில், பெரிய அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

பெரிய அண்ணன் டப்பாவைத் திறந்தான். "கொஞ்சம் சேத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து உருளைக்கிழங்கின் மேல் நிதானமாகத் தூவிக்கொண்டான்.

அன்று மைக் மறுபடி எழுந்து பேசவில்லை.